ஒரே பெயர், மூன்று சர்வர், இரண்டு பதில்

திங்கட்கிழமை காலை 8.40க்கு ஓசூர் ஆலையிலிருந்து போன். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் பேசினார். "சார், ஈஆர்பி திறக்கவே மாட்டேங்குது, மூணு லாரி கேட்ல நிக்குது, கேட் பாஸ் போட முடியல." ஈஆர்பி என்பது ஸ்டோர்ஸ், கேட் பாஸ் எல்லாம் ஓடும் எங்கள் நிறுவன மென்பொருள். சனிக்கிழமை ராத்திரிதான் அந்த ஈஆர்பி சர்வரைப் புது ஐபிக்கு, அதாவது புது நெட்வொர்க் முகவரிக்கு, மாற்றியிருந்தோம். ஞாயிறு முழுக்கச் சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்த்து, எல்லாம் சரி என்று மெயிலும் போட்டாயிற்று. சென்னையில் அன்று காலையும் ஒரு குறையும் இல்லை.

எங்கள் அமைப்பு சிறியதுதான். ஒரே ஆக்டிவ் டைரக்டரி டொமைன், அதாவது எல்லாருடைய கணக்கையும் கணினியையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கும் விண்டோஸ் அமைப்பு. அந்தப் பட்டியலை வைத்து லாகினைச் சரிபார்க்கும் சர்வருக்கு டொமைன் கன்ட்ரோலர், சுருக்கமாக டிசி, என்று பெயர். சென்னையில் இரண்டு, ஓசூரில் ஒன்று. டிசி1, டிசி2, டிசி3 என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் டிஎன்எஸ், அதாவது பெயரைக் கேட்டால் ஐபியைச் சொல்லும் சேவை, ஓடுகிறது. ஓசூர் ஆட்களுக்குப் பெயர் கேட்டால் பதில் சொல்வது அங்கேயே இருக்கும் டிசி3.

ஓசூரில் ஹெல்ப்டெஸ்க் பார்க்கும் தம்பியைப் பிடித்தேன். அவன் சொன்னதுதான் என்னை முழுசாகத் திசை திருப்பியது. "அண்ணா, வைஃபைல வருது, கேபிள்ல போட்டா வரல." இதைக் கேட்டால் யாருக்கும் நெட்வொர்க்மேல்தான் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. ஸ்விட்ச், விலான், ஃபயர்வால் விதி என்று நானும் நெட்வொர்க் பார்ப்பவரும் முக்கால் மணி நேரம் தேடினோம். அதற்குள் கேட்டில் லாரி ஐந்தாகிவிட்டது.

பிறகுதான் அந்தத் தம்பியிடம் இரண்டு கணினியிலும் ஈஆர்பி பெயரை பிங் செய்து, வரும் ஐபியை மட்டும் படிக்கச் சொன்னேன். வைஃபை லேப்டாப் 10.20.5.40 என்றது. அது புது ஐபி. கேபிள் கணினி 10.10.5.40 என்றது. அது பழையது. ஓசூரில் வைஃபைக்கான டிஹெச்சிபி, அதாவது கணினிகளுக்கு ஐபியும் டிஎன்எஸ் முகவரியும் கொடுக்கும் சேவை, சென்னையிலிருந்து வருகிறது, அதில் டிஎன்எஸ் என்று கொடுத்திருப்பது சென்னை டிசிக்களை. கேபிளுக்கு டிஹெச்சிபி ஓசூரிலேயே, அதில் முதல் டிஎன்எஸ் டிசி3. கேபிளில் ஒரு பழுதும் இல்லை, கேள்வி போன இடம்தான் வேறு.

உடனே நான் செய்தது இது. டிஎன்எஸ்ஸைக் கேட்கும் என்எஸ்லுக்கப் கட்டளையில் ஈஆர்பி சர்வர் பெயரைப் போட்டு, அதற்குப் பின்னால் எந்த டிசியைக் கேட்க வேண்டுமோ அதன் ஐபியையும் சேர்த்து அடித்தேன். டிசி1க்கு ஒரு தடவை, டிசி2க்கு ஒரு தடவை, டிசி3க்கு ஒரு தடவை. மேசையில் கிடந்த டெலிவரி சலானின் பின்பக்கம் மூன்று பதிலையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினேன். முதல் இரண்டு வரியும் 10.20.5.40, மூன்றாவது வரி 10.10.5.40. இந்த வேலையில் பதினைந்து வருஷம் இருந்த பிறகும், பின்னால் ஐபி சேர்க்காமல் என்எஸ்லுக்கப் அடித்து, வந்த பதிலை "டிஎன்எஸ் சொல்லிவிட்டது" என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இருந்தது. அன்றைக்கு அது போனது. இப்போது யார் என்னிடம் வந்து "டிஎன்எஸ்ல சரியாத்தான் இருக்கு" என்றாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்த டிசியில்?

இது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். 1987இல் ஆர்எஃப்சி 1034, 1035 என்று எழுதிவைத்த பழைய டிஎன்எஸ் முறையில் ஒரு சோனுக்கு, அதாவது ஒரு டொமைனின் பெயர்ப் பட்டியலுக்கு, ஒரு மூலப்பிரதி, மற்றதெல்லாம் அதைப் பார்த்து எடுத்த நகல். மூலத்தில் வரிசை எண் ஏறினால் நகல்கள் புதுசாக வாங்கிக்கொள்ளும். விண்டோஸ் 2000இல் ஆக்டிவ் டைரக்டரி வந்தபோது சோனையே டைரக்டரிக்குள் வைத்துக்கொள்ளும் வழி வந்தது. அப்படி வைத்த சோனில் எழுதக்கூடிய ஒவ்வொரு டிசியும் மூலப்பிரதிதான். எதில் வேண்டுமானாலும் திருத்தலாம், திருத்தியது டைரக்டரி ரெப்ளிகேஷன், அதாவது டிசிக்கள் ஒன்றிலிருந்து ஒன்று நகலெடுத்துக்கொள்வது, வழியாக மற்றவற்றுக்குப் போகும். பெரிய வசதி. ஆனால் ரெப்ளிகேஷன் நின்றுவிட்டால் ஒவ்வொரு டிசியும் தன்னிடம் இருப்பதை முழு அதிகாரத்தோடு சொல்லிக்கொண்டே இருக்கும், "இது பழைய தகவல்" என்று ஒரு அடையாளமும் பதிலில் இருக்காது. பழைய முறை தெரிந்தவர்கள் சோனின் எஸ்ஓஏ ரெக்கார்டில் இருக்கும் அந்த வரிசை எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இங்கே அது உதவாது, நன்றாக ஓடும் அமைப்பிலேயே அந்த எண் டிசிக்கு டிசி வேறாக இருக்கலாம்.

சாதாரணமாக ஆகும் தாமதம் எவ்வளவு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே சைட்டுக்குள், அதாவது டைரக்டரியில் ஓர் இடம் என்று குறித்துவைத்ததற்குள், மாற்றம் நடந்தால் 15 வினாடியில் பக்கத்து டிசிக்குத் தகவல் போகும். சைட் விட்டு சைட் என்றால் முன்னிருப்பு அமைப்பு 180 நிமிடம், குறைத்தால் 15 நிமிடம் வரை குறைக்கலாம். டைரக்டரிக்கு வந்து சேர்ந்த பிறகும் டிஎன்எஸ் சர்வீஸ் அதை எடுத்துக்கொள்ள 3 நிமிடம் வரை ஆகும். சனி ராத்திரி செய்த மாற்றம் திங்கள் காலையிலும் ஓசூருக்கு வரவில்லை என்றால் இது தாமதக் கணக்கில் சேராது.

டிசி3க்குள் போய், ரெப்ளிகேஷன் நிலையைக் காட்டும் ரெப்அட்மின் ஷோரெப்ல் கட்டளையை அடித்தேன். சென்னையிலிருந்து வாங்க வேண்டிய எல்லாப் பகுதிகளிலும் தோல்வி, பிழை எண் 1722, அதாவது எதிர்முனை சர்வர் கிடைக்கவில்லை. கடைசியாக வெற்றி பெற்ற தேதி 9 நாளுக்கு முந்தையது. அந்தத் தேதியைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. முந்தைய வாரச் சனிக்கிழமை, இதே திட்டத்தின் முதல் கட்டமாக, டிசி1, டிசி2 இரண்டையும் ஒரே ராத்திரியில் 10.10.5லிருந்து 10.20.5க்கு மாற்றியிருந்தோம்.

டிசி3இன் நெட்வொர்க் கார்டில் டிஎன்எஸ் என்று கொடுத்திருந்தது 127.0.0.1 மட்டும். அதாவது தனக்கு ஒரு பெயர் தெரிய வேண்டுமென்றால் அது தன்னையேதான் கேட்கும். ரெப்ளிகேஷனுக்காக டிசி1ஐத் தேடும்போது முதலில் டிஎன்எஸ்ஸில் எம்எஸ்டிசிஎஸ் என்ற பகுதியில் இருக்கும் நீளமான அடையாள எண்ணைப் பார்த்து, அதிலிருந்து டிசி1இன் பெயருக்கு வந்து, பெயரிலிருந்து ஐபிக்கு வருகிறது. அந்த ஐபி அதனிடம் பழையது. பழைய ஐபியில் யாரும் இல்லை. புது ஐபி தெரிய வேண்டுமென்றால் சென்னையிலிருந்து ரெப்ளிகேஷன் வாங்க வேண்டும், ரெப்ளிகேஷன் வாங்கப் புது ஐபி தெரிய வேண்டும். இந்த வட்டத்தில் 9 நாள் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு டிசியை மட்டும் மாற்றி, அது ஓசூருக்குப் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு மற்றதை மாற்றியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

எப்படி 9 நாள் தெரியாமல் போனது? ரெப்ளிகேஷனில் ஒவ்வொரு டிசியும் மற்றவரிடமிருந்து இழுத்துக்கொள்கிறது. டிசி3இன் ஐபி மாறவில்லை, அதனால் சென்னை டிசிக்கள் அதனிடமிருந்து நன்றாகவே இழுத்துக்கொண்டிருந்தன. ஓசூரில் போட்ட மாற்றம் சென்னையில் தெரிந்தது. நான் சென்னையில் உட்கார்ந்து அங்குள்ள டிசிக்களில் மட்டும் ரெப்ளிகேஷன் நிலையைப் பார்த்தேன், எல்லாம் பச்சை. அந்த வாரத்திலேயே இரண்டு புகார் வந்திருந்தது. ஓசூரில் ஒருவருக்குச் சென்னையிலிருந்து பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்தோம், புதியது ஏற்கவில்லை, பழையது ஏற்கிறது என்றார். சென்னையில் கணக்கு உருவாக்கிய ஒரு புது ஆளுக்கு ஓசூரில் லாகின் ஆகவில்லை. இரண்டையும் ஹெல்ப்டெஸ்க்கில் தனித்தனி டிக்கெட்டாக, ஏதோ சில்லறை வேலையாகச் சமாளித்து மூடிவிட்டார்கள். மூடியதை நானும் திறந்து பார்க்கவில்லை. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

சரி செய்தது பத்து நிமிட வேலை. டிசி3இன் கார்டில் முதல் டிஎன்எஸ்ஸாக டிசி1இன் புது ஐபி, இரண்டாவதாக 127.0.0.1. நினைவில் இருக்கும் பழைய பதிலை அழிக்க ஐபிகான்ஃபிக் ஃப்ளஷ்டிஎன்எஸ். டிசியின் பெயர்களை டிஎன்எஸ்ஸில் பதியும் நெட்லாகன் சர்வீஸை ரீஸ்டார்ட். ரெப்ளிகேஷனை உடனே ஓட்ட ரெப்அட்மின் சிங்க்ஆல். பிழையில்லாமல் முடிந்தது. மூன்று நிமிடம் பொறுத்து மறுபடி டிசி3ஐக் கேட்டேன், 10.20.5.40 என்றது. கேபிள் கணினிகளில் பழைய பதில் நினைவில் இருக்கும் என்பதால் ஸ்டோர்ஸில் இருந்த நான்கு கணினியிலும் தம்பி போய் ஃப்ளஷ் செய்தான். 10.25க்கு முதல் கேட் பாஸ் அச்சானது. 9 நாள் என்பதால் தப்பித்தோம். ரெப்ளிகேஷன் நின்று, நீக்கியவற்றின் குறிப்பை டைரக்டரி வைத்திருக்கும் டூம்ஸ்டோன் காலத்தை, அதாவது இன்றைய முன்னிருப்பில் 180 நாளை, தாண்டிவிட்டால் மற்ற டிசிக்கள் அந்த டிசியிடமிருந்து வாங்க மறுக்கும், அதைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதுதான் ஒழுங்கான வழி.

டிசியின் கார்டில் எந்த டிஎன்எஸ் கொடுப்பது என்பதைப் பற்றி நான் இன்று வரை கடைப்பிடிப்பது இதுதான்: முதலில் வேறொரு டிசி, கடைசியில் தன்னையே காட்டும் 127.0.0.1, வெளி டிஎன்எஸ் ஒருபோதும் கிடையாது. வெளிப் பெயர்களை எந்த வெளி டிஎன்எஸ்ஸிடம் கேட்பது என்று சொல்ல, டிஎன்எஸ் சர்வரில் ஃபார்வர்டர் என்ற தனி இடம் இருக்கிறது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு மழை நாளில் சென்னையில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, இரண்டு டிசியும் ஒரே நேரத்தில் எழுந்தன. ஒன்று மற்றதைக் கேட்க, மற்றது இதைக் கேட்க, ஈவென்ட் லாகில் 4013 வந்து நின்றது: டைரக்டரி முதல் ஒத்திசைவை முடிக்கும்வரை டிஎன்எஸ் காத்திருக்கிறது என்று பொருள். தானாகவே சரியாகிவிடும், ஆனால் அந்த 20 நிமிடமும் ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. இப்போது விர்ச்சுவல் மெஷின் ஹோஸ்டில் டிசி1 முதலில், 10 நிமிடம் கழித்து டிசி2 என்று வரிசை போட்டிருக்கிறோம்.

இனி எல்லா அலுவலகத்திலும் நான் பார்க்கும் ஒரு தவறு. கணினியில் முதல் டிஎன்எஸ், மாற்று டிஎன்எஸ் என்று இரண்டு கட்டம் இருக்கிறது அல்லவா, முதலாவதற்குத் தெரியாவிட்டால் இரண்டாவதைக் கேட்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அப்படிக் கேட்காது. முதலாவது பதிலே சொல்லாமல் இருந்தால்தான் இரண்டாவதிடம் போகும். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்பதும் பதில்தான், பழைய ஐபியும் பதில்தான், அதோடு கதை முடிந்தது. ஓசூர் கேபிள் கணினிகளில் மாற்று டிஎன்எஸ் என்று சென்னை டிசி இருந்தும் உதவாமல் போனது இதனால்தான். டிசி நின்றாலும் இன்டர்நெட் நிற்கக் கூடாது என்று முதலாவதில் டிசியையும் இரண்டாவதில் கூகுளின் வெளி டிஎன்எஸ்ஸான 8.8.8.8ஐயும் போட்டு வைப்பார்கள். டிசி ஒரு ரீஸ்டார்ட்டுக்குப் போன அந்த இரண்டு நிமிடத்தில் கணினி வெளி டிஎன்எஸ்ஸிடம் போகும், அதற்கு உங்கள் உள் டொமைனைப் பற்றி ஒன்றும் தெரியாது, பெயர் இல்லை என்று சொல்லிவிடும், டிசி திரும்பி வந்த பிறகும் கணினி உடனே பழைய இடத்துக்கு வராது. காலையில் லாகின் மெதுவாக ஆகிறது, பிரின்டர் காணவில்லை, பகிர்ந்த டிரைவ் சிவப்புக் குறி காட்டுகிறது, டொமைனில் சேர்க்கப் போனால் டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. ஒரு புதுக் கிளையில் இதற்காகவே இரண்டு நாள் செலவழித்திருக்கிறேன். டொமைன் கணினிகளுக்கு இரண்டு கட்டத்திலும் உள் டிசிக்கள் மட்டும்தான் இருக்க வேண்டும்.

ஒரு சர்வரின் ஐபியை மாற்றுவதற்கு முந்தைய நாளே அதன் டிஎன்எஸ் ரெக்கார்டின் டிடிஎல் நேரத்தை, அதாவது கணினிகள் பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, முன்னிருப்பான 1 மணி நேரத்திலிருந்து 5 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். இன்னொன்று, என்எஸ்லுக்கப் கணினியின் நினைவையும், அதில் பெயர்களைக் கையால் எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் பார்க்காமல் நேரே சர்வரைக் கேட்கும். பிங் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் போகும். இரண்டும் வேறு வேறு சொன்னால் கோளாறு கணினியில் இருக்கிறது என்று பாதி உறுதியாகிவிடும்.

அடுத்தது இரண்டு டொமைன் கதை. எங்கள் நிறுவனம் இன்னொரு நிறுவனத்தை வாங்கியபோது அவர்களுடைய டொமைனுக்கும் எங்களுடையதற்கும் ட்ரஸ்ட், அதாவது ஒரு டொமைனின் கணக்கை மற்றது ஏற்கும் உறவு, போட வேண்டியிருந்தது. அதற்கு எங்கள் பெயர் அங்கேயும், அவர்கள் பெயர் இங்கேயும் தெரிய வேண்டும். எனக்கு முன்னால் ஒருவர் அவசரத்துக்கு எங்கள் டிஎன்எஸ்ஸில் அவர்களுடைய டொமைன் பெயரில் ஒரு சோனை உருவாக்கி, தேவைப்பட்ட நான்கு சர்வர் பெயரைக் கையால் எழுதிவைத்திருந்தார். அந்த நான்கும் வேலை செய்தது. ஆனால் சோன் உங்களிடம் இருக்கிறது என்றால் அந்தப் பெயருக்கு நீங்கள்தான் அதிகாரி, ஐந்தாவது பெயரைக் கேட்டால் வெளியே போய்க் கேட்காமல் "இல்லை" என்று உங்கள் சர்வரே அடித்துச் சொல்லிவிடும். டொமைன் கன்ட்ரோலரைத் தேட உதவும் எஸ்ஆர்வி ரெக்கார்டுகள் ஒன்றும் அதில் கிடையாது, ட்ரஸ்ட் எப்படி நிற்கும்?

அந்தச் சோனை எடுத்துவிட்டு கண்டிஷனல் ஃபார்வர்டர் போட்டேன், அதாவது இந்த டொமைன் பெயரில் எது கேட்டாலும் அவர்களுடைய இந்த இரண்டு டிசியிடம் போய்க் கேள் என்று சொல்லிவைப்பது. டிசி1இல் போட்டேன், ட்ரஸ்ட் நின்றது, மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் பாதிப் பேருக்கு வேலை செய்கிறது, பாதிப் பேருக்கு இல்லை. மறுபடியும் அதே மூன்று வரி: டிசி1 பதில் சொல்கிறது, டிசி2வும் டிசி3வும் இல்லை என்கின்றன. கண்டிஷனல் ஃபார்வர்டரை உருவாக்கும் திரையிலேயே, ஆக்டிவ் டைரக்டரியில் சேமித்து மற்ற சர்வர்களுக்கும் அனுப்பு என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போடாவிட்டால் அது அந்த ஒரு சர்வரோடு நின்றுவிடும். சாதாரண ஃபார்வர்டர் பட்டியலும் அப்படித்தான், அது ஒவ்வொரு சர்வரின் சொந்த அமைப்பு, ரெப்ளிகேட் ஆகவே ஆகாது. சோன் எல்லா இடத்துக்கும் போகிறது என்பதால் எல்லாமே போகும் என்று நினைத்துவிடுகிறோம்.

உள் டொமைனுக்கும் வெளியே இருக்கும் வெப்சைட்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கஷ்டம்தான். ஊரெல்லாம் திறக்கும் வெப்சைட் அலுவலகத்துக்குள் மட்டும் திறக்காது. உள் சோனில் டபிள்யூடபிள்யூடபிள்யூ ரெக்கார்டை நீங்களே எழுத வேண்டும். முன்னால் அந்த மூன்று எழுத்து இல்லாமல் வெறும் டொமைன் பெயரை அடித்தால் அது டிசிக்குத்தான் போகும், அதை மாற்றப் போகாதீர்கள், கணினிகள் குரூப் பாலிசி என்ற பொது விதிகளைப் படிக்கும் பாதையே அந்தப் பெயரில்தான் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் தங்களுக்குச் சொந்தமான வெளிப் பெயரின் கீழ் ஒரு துணைப் பெயரை உள் டொமைனுக்கு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

திருப்பூரில் சின்ன அலுவலகம் திறந்தபோது அதன் சப்நெட்டை, அதாவது அந்த அலுவலகத்தின் ஐபி வரம்பை, ஆக்டிவ் டைரக்டரியின் சைட்ஸ் அண்ட் சர்வீசஸில் சேர்க்க மறந்தோம். அங்கே டிசி கிடையாது. சப்நெட் எந்த சைட் என்று தெரியாததால் கணினிகள் கண்ட டிசியிடம் போய் லாகின் செய்தன, சில நாள் வேகம், சில நாள் மூன்று நிமிடம். டிசியில் நெட்லாகன் லாகைத் திறந்தால் நோ கிளையன்ட் சைட் என்று திருப்பூர் ஐபிக்கள் வரிசையாக நின்றன. சப்நெட்டைச் சென்னை சைட்டோடு சேர்த்ததும் முடிந்தது.

ஓசூர் சம்பவத்துக்குப் பிறகு ஒரு சின்ன பவர்ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். இருபது முக்கியப் பெயர்கள், அவற்றில் சில: ஈஆர்பி, ஃபைல் சர்வர், மூன்று டிசி, அந்த நீளமான அடையாள எண் பெயர்கள், பக்கத்து டொமைனில் இரண்டு, வெளியே இரண்டு. ஒவ்வொன்றையும் மூன்று டிசியிடமும் கேட்டு, மூன்று பதிலும் ஒன்றாக இல்லாவிட்டால் மட்டும் எனக்கு மெயில் போடும். காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ஓடுகிறது. பல மாதம் மெயிலே வரவில்லை. போன மாதம் ஒரு காலை வந்தது: முந்தைய நாள் சேர்த்த ஒரு பிரின்டர் சர்வர் பெயர் டிசி2இல் மட்டும் இல்லை. ரெப்ளிகேஷன் நின்றிருந்தது. பார்த்தால் டிசி2இன் கடிகாரம் 7 நிமிடம் பின்தங்கியிருந்தது, டிசிக்கள் ஒன்றையொன்று சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் தாங்காது. ஹோஸ்டின் தவறான நேரத்தை டிசி2 எடுத்துக்கொண்டிருந்தது, அந்த ஒத்திசைவை நிறுத்தி டொமைன் நேரத்தோடு சேர்த்தேன். 7.10க்கு மூன்று டிசியும் ஒரே ஐபியைச் சொன்னன. 9 மணிக்குத்தான் அக்கவுன்ட்ஸில் ஆட்கள் வருவார்கள்.